சைக்கிள் பெடலும் ஷூவும் பொருந்த: எதை முதலில் வாங்குவது, எப்படி மாட்டுவது

மறுநாள் காலை 200 கி.மீ. பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் பயணம். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தம்பி இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றில் புது ஷூ, இன்னொன்றில் புது பெடல். “அண்ணா, மாட்டிக் கொடுத்திடுங்க, காலைல நாலு மணிக்குக் கிளம்பணும்” என்றார். ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் முக்கோணமாக மூன்று ஓட்டை. பெடல் பெட்டியில் இருந்தது இரண்டு திருகு போடுகிற சின்ன இரும்புக் கிளீட், அதாவது ஷூவின் அடியில் மாட்டினால் பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு. இரண்டுமே நல்ல பொருள்தான், ஒன்றோடொன்று சேராது. பழைய பெடலையும் ரன்னிங் ஷூவையும் போட்டுக்கொண்டுதான் அவர் அந்த 200 கி.மீ. போனார்.

இதே தடுமாற்றத்தைப் பலரிடம் பார்த்துவிட்டேன். யாரும் தரம் குறைந்த பொருளை வாங்கி ஏமாறவில்லை. வரிசை மாறி வாங்குகிறார்கள், அவ்வளவுதான். தள்ளுபடியில் பெடல் கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிடுகிறார்கள், அதன் பிறகுதான் ஷூ தேடுகிறார்கள். முதலில் எந்த மாதிரிப் பயணம் என்று பாருங்கள், அடுத்து பாதம், அதற்கேற்ற ஷூ, ஷூவின் ஓட்டைக்கேற்ற பெடல், கடைசியில் கிளீட்டும் சீட் உயரமும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பெடலைக் கழற்ற 15 மி.மீ. பெடல் ஸ்பேனர் வேண்டும். சாதாரண 15 மி.மீ. ஸ்பேனர் தடிமனாக இருப்பதால், பெடலுக்கும் அதைத் தாங்கும் கிராங்க் கைக்கும் நடுவே உள்ள சந்தில் பெரும்பாலும் நுழையாது. சில பெடல்களில் ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. அச்சின் உள்முனையில் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ போடும் குழி மட்டும் இருக்கும். கிளீட் திருகுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் கீ, கிளீட்டைப் பிடித்துவைக்கும் பெடல் ஸ்பிரிங்கைத் தளர்த்த 2.5 அல்லது 3 மி.மீ. ஆலன் கீ போதும்.

இவற்றோடு கொஞ்சம் கிரீஸ், பழைய துணி, மாஸ்கிங் டேப், பெயின்ட் மார்க்கர், ஒரு ஸ்கேல் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். வேலை முழுவதற்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீண்ட பயணத்துக்கு முந்தின இரவில் இதைத் தொடங்க வேண்டாம். புது கிளீட்டோடு இரண்டு மூன்று சிறு பயணமாவது போய்ப் பார்த்துத் திருத்தினால்தான் முழங்கால் தப்பிக்கும்.

2. எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நான் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு பயணத்தில் எத்தனை தடவை இறங்கி நடப்பீர்கள்?” என்பதுதான். எத்தனை கி.மீ. வேகத்தில் போவீர்கள் என்று கேட்பதில்லை. ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஒருவர் டீக்கடையில் இறங்குவார், பஞ்சரானால் தள்ளிக்கொண்டு நடப்பார். பிரெவே போகிறவர் வழியில் உள்ள கன்ட்ரோல் என்ற சோதனை இடத்தில் முத்திரை வாங்க, தண்ணீர் நிரப்ப, சாப்பிட என்று பத்துப் பதினைந்து முறை இறங்குவார். இவர்களுக்கு நடக்க வருகிற ஷூ வேண்டும். நடக்க வருகிற ஷூ என்றால் இரண்டு ஓட்டை ஷூ.

மூன்று ஓட்டை ரோடு ஷூவில் பிளாஸ்டிக் கிளீட் அடியை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டலின் டைல்ஸ் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் கால் வழுக்கும். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கியபடிதான் நடக்க முடியும். ரேஸ், டைம் டிரையல், டிரையத்லான் என்று ஏறினால் முடியும்வரை இறங்காதவர்களுக்கு அது சரி. அகலமான மேடையில் பாதம் உட்காரும், அடி துளியும் வளையாது. வார இறுதியில் ஓட்டுகிற ஒருவருக்கு அந்தக் கூடுதல் விறைப்பை விட, பாதத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஷூதான் அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கால் பூட்டிக்கொள்வது பிடிக்காதவர்கள், அலுவலகத்துக்குத் தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர்கள், முழங்காலில் பழைய வலி உள்ளவர்கள், முள் வைத்த ஃப்ளாட் பெடலிலேயே இருக்கலாம். அதற்கும் ஷூ பொருத்தம் உண்டு. மெத்தென்ற ரன்னிங் ஷூவின் அடி பெடல் மேல் வளைந்து, நீண்ட பயணத்தில் பாதத்தின் நடுவே வலிக்கும். அதன் நுரையை பெடல் முள் கிழித்தும்விடும். தட்டையான, ஓரளவு விறைப்பான ரப்பர் அடி உள்ள ஷூ வாங்குங்கள். ஷூவின் நுனியையும் குதிகாலையும் இரண்டு கையால் பிடித்து வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி மடிந்தால் அது வேண்டாம்.

3. பாதத்தை அளந்து ஷூ வாங்குங்கள்

சாயங்காலத்தில் அளக்க வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்து, நம் ஊர் வெயிலில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீண்ட பயணத்தின் நடுவில் உங்கள் பாதம் இருக்கப்போகும் அளவும் ஏறத்தாழ அதுதான். ஓட்டும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் குதிகாலை ஒட்டிக் காகிதத்தின் மேல் நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதை விட நீளமாக இருக்கும், பெரிய பாதத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த செ.மீ. அளவை ஷூ தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். “எனக்கு 42” என்று நினைவில் இருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். 42 என்று போட்டிருக்கும் இரண்டு நிறுவனங்களின் ஷூக்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை.

நீளத்தை விட அகலத்தில்தான் நம்மில் பலர் அடிபடுகிறோம். செருப்பிலேயே வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். சைக்கிள் ஷூவோ குறுகலாக வரும், தோல் ஷூ மாதிரி நாளடைவில் இளகிக் கொடுக்கவும் கொடுக்காது. சுண்டுவிரல் பக்கம் இப்போதே அழுத்தினால் 60 கி.மீ. தாண்டியதும் முன்பாதம் எரியத் தொடங்கும். அகலம் போதவில்லை என்று அடுத்த நீள அளவுக்குப் போகாதீர்கள். குதிகால் உள்ளே ஆடும், கிளீட் போடும் இடமும் தவறிப்போகும். ஷிமானோ உட்படச் சில நிறுவனங்கள் அதே நீளத்தில் அகல மாடலும் வைத்திருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

போட்டுப் பார்க்கும்போது விரல் நுனிக்கு முன்னால் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை இடம் இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கினால் ஷூவும் கூடவே வர வேண்டும். ஐந்து நிமிடம் நின்றபடியே இருங்கள், உடனே கழற்றிவிடாதீர்கள். ஒரு கடையில் நான் அவசரப்பட்டு அரை நிமிடத்தில் முடிவு செய்த ஷூ, மாதம் முழுக்க இடது சுண்டுவிரலை மரத்துப்போக வைத்தது.

4. அடியில் ஓட்டையை எண்ணுங்கள், அதன் பிறகு பெடல்

ஷூவைத் திருப்புங்கள். குழிந்த பள்ளத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திருகு ஓட்டை இருந்தால் அது இரண்டு ஓட்டை வகை. ஷிமானோவின் எஸ்பிடி, கிராங்க்பிரதர்ஸ், டைம் நிறுவனத்தின் மலைச் சைக்கிள் பெடல்கள் இந்தக் குடும்பம். தட்டையான அடியில் முக்கோணமாக மூன்று இருந்தால் மூன்று ஓட்டை வகை. ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக் நிறுவனத்தின் கியோ போன்றவை இதில் வரும். ஸ்பீட்பிளே பெடலின் கிளீட் நான்கு ஓட்டை வகை, அடித்தட்டு ஒன்றை இடையில் வைத்து மூன்று ஓட்டை ஷூவிலும் மாட்டலாம். சில ஷூக்களில் இரண்டு ஓட்டையும் மூன்று ஓட்டையும் சேர்ந்தே இருக்கும்.

எஸ்பிடி, எஸ்பிடி-எஸ்எல் என்ற பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டும் ஷிமானோ, இரண்டும் பெடல். ஆனால் முன்னது இரண்டு ஓட்டை இரும்புக் கிளீட், பின்னது மூன்று ஓட்டை பிளாஸ்டிக் கிளீட். கடையில் “எஸ்பிடி ஷூ கொடுங்க” என்று வாயால் சொல்லி வாங்காமல், அடியைத் திருப்பிக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

ஏமாறுகிற அடுத்த இடம் இது. ஓட்டை பொருந்தினால் கிளீட் ஷூவில் ஏறும், ஆனால் பெடலிலும் பூட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிராங்க்பிரதர்ஸின் பித்தளைக் கிளீட் எஸ்பிடி ஷூவில் அழகாக ஏறும், எஸ்பிடி பெடலில் பூட்டாது. கியோ கிளீட்டும் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டும் ஒரே மூன்று ஓட்டையில் ஏறும், ஒன்றின் பெடலில் மற்றது பூட்டாது. லுக் நிறுவனத்தின் பழைய டெல்டா கிளீட் அதே நிறுவனத்தின் கியோ பெடலுக்கே பொருந்தாது. அதனால் ஷூவுக்கும் கிளீட்டுக்கும் ஓட்டையையும், கிளீட்டுக்கும் பெடலுக்கும் மாடல் பெயரையும் பார்க்க வேண்டும்.

கிளீட் பெரும்பாலும் பெடல் பெட்டிக்குள்தான் வரும், ஷூ பெட்டிக்குள் தேடாதீர்கள். பழைய பெடல் வாங்குகிறீர்கள் என்றால் கிளீட் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று ஓட்டை ஷூவில் எஸ்பிடி கிளீட் மாட்ட அடாப்டர் தட்டு கிடைக்கும். மாட்டினால் அந்தச் சின்னக் கிளீட் அடியிலிருந்து துருத்தி நிற்கும், நடந்தால் ஐஸ் மேல் நடப்பது போல் இருக்கும். அவசரத்துக்கு ஒத்துக்கொள்ளலாம், அதையே திட்டமாக வைத்து வாங்கக் கூடாது.

5. எந்தப் பெடல்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இரண்டு பக்கமும் பூட்டுகிற எஸ்பிடி பெடல், உதாரணமாக ஷிமானோவின் எம்520. எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் கால் வைத்து அழுத்தினால் பூட்டிவிடும், சிக்னலில் பச்சை விழுந்ததும் குனிந்து பெடலைத் தேட வேண்டாம். ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் எஸ்பிடியும் உள்ள பெடலும் உண்டு, ஷிமானோவின் இஎச்500 அப்படிப்பட்டது. வார நாளில் செருப்போடு கடைக்கும், வார இறுதியில் ஷூவோடு நெடுஞ்சாலைக்கும் ஒரே சைக்கிளை எடுக்கிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சரியான பக்கத்தைக் காலால் புரட்டிக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் கிராங்கின் மரை அளவையும் பாருங்கள். கிராங்க் கையைத் தனியாகக் கழற்ற முடிகிற பெரும்பாலான சைக்கிள்களில் 9/16 அங்குலம். வலது கை, அச்சு, இடது கை மூன்றும் ஒரே வளைந்த கம்பியாக இருக்கிற சிறுவர் சைக்கிள்களிலும் சில பிஎம்எக்ஸ்களிலும் 1/2 அங்குலம். இந்த 1/2 அங்குல ஓட்டையில் 9/16 பெடல் நுழையாது.

6. பழையதைக் கழற்றி, புதியதைக் கிராங்கில் ஏற்றுதல்

வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, மற்ற திருகுகளுக்கு நேர்மாறாகச் சுற்ற வேண்டும். மிதிக்க மிதிக்க அச்சு தானாகக் கழன்று வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எந்தப் பக்கம் எப்படிச் சுற்றுவது என்று குழம்பாமல் இருக்க ஒரே விதி போதும். ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கட்டும். அந்த மேல்முனை முன்சக்கரத்தை நோக்கிப் போனால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கிப் போனால் தளரும். இரண்டு பக்கத்துக்கும், ஆலன் கீக்கும், ஸ்பேனருக்கும் இதேதான்.

கழற்றும் முன் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிடுங்கள். இறுகின பெடல் திடீரென்று இளகும்போது கை முன்னால் பாயும். பல்லின் மேல் செயின் இருந்தால் விரல் கிழியாது. அசையாத பெடலை நெம்ப, ஸ்பேனர் கைப்பிடியும் கிராங்க் கையும் கூர்கோணத்தில் சேரும்படி பிடித்து, இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

புது பெடலின் அச்சில் வலதுக்கு ஆர், இடதுக்கு எல் என்று பொறித்திருக்கும். மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். ஈசிஆர் உப்புக்காற்றில் கிரீஸ் இல்லாமல் ஏற்றிய பெடலை ஒரு வருடம் கழித்துக் கழற்றுவது பெரும்பாடு. முதல் மூன்று நான்கு சுற்றை விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, அல்லது இடம் வலம் மாறியிருக்கிறது. அங்கே ஸ்பேனரை எடுத்தால் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும், கிராங்கையே மாற்ற நேரலாம். நன்றாக இழைந்து ஏறிய பிறகு ஸ்பேனரால் கெட்டியாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்.

7. கிளீட்டை ஷூவில் பொருத்துதல்

முழங்கால் வலியோடு வருகிறவர்களில் பலரிடம் கோளாறு இந்தப் படியில்தான் இருக்கும். அவசரம் வேண்டாம்.

சில இரண்டு ஓட்டை ஷூக்களில் கிளீட் போடும் பள்ளத்தை ஒரு ரப்பர் மூடி மறைத்திருக்கும். அது திருகில் நிற்கிறதா, கத்தியால் கோட்டின் வழியாக வெட்டி எடுப்பதா என்று பாருங்கள். உள்ளே இரண்டு வரிசை மரை ஓட்டை தெரியும். ஷூவின் உள்பட்டையைத் தூக்கினால் அந்த மரைத் தட்டு முன்னும் பின்னும் நகர்வது தெரியும்.

முதலில் முன்பின் நிலை. ஷூவைப் போட்டுக்கொண்டு, உள்பக்கம் பெருவிரல் தொடங்கும் இடத்தில் புடைத்திருக்கும் எலும்பு மூட்டை ஷூவின் மேலாகவே விரலால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேராக ஷூவின் பக்கவாட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். வெளிப்பக்கம் சுண்டுவிரல் மூட்டுக்கும் அப்படியே. பெருவிரல் மூட்டு முன்னால் இருக்கும், சுண்டுவிரல் மூட்டு பின்னால் இருக்கும். கிளீட்டின் நடு இந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் வர வேண்டும். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் சுண்டுவிரல் கோட்டுப் பக்கமாக, அதாவது பின்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கிளீட் மிக முன்னால் போனால் விரல் நுனியில் எம்பி மிதிப்பது போல் ஆகி, ஆடுதசையும் குதிகால் தசைநாரும் இழுக்கும்.

அடுத்தது கோணம். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது? பலருக்கு நுனி சற்று வெளியே திரும்பியிருக்கும். அந்த இயல்புக்கேற்பத்தான் கிளீட் இருக்க வேண்டும். நுனி வெளியே திரும்பும் பாதத்துக்குக் கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கம் லேசாகத் திருப்பி வையுங்கள். பார்க்க நேராக இருக்கட்டும் என்று பாதத்தைச் சைக்கிளோடு இணையாகப் பூட்டினால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் முறுக்கப்படும். மணிக்கு ஐயாயிரம் மிதி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தச் சிறு முறுக்கு சாயங்காலத்துக்குள் வலியாகிவிடும்.

பக்கவாட்டு நிலை மூன்றாவது. கிளீட்டைப் பெருவிரல் பக்கம் நகர்த்தினால் பாதம் சைக்கிளை விட்டு வெளியே போகும், சுண்டுவிரல் பக்கம் நகர்த்தினால் உள்ளே வரும். முதலில் நடுவிலேயே வையுங்கள். குதிகால் கிராங்கில் உரசினால் மட்டும் பெருவிரல் பக்கம் தள்ளுங்கள்.

எஸ்பிடி கிளீட்டின் கூரான முனை ஷூவின் நுனியைப் பார்க்க வேண்டும். திருகின் மரையில் கிரீஸ் தடவி, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் கிளீட் திரும்பி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கோணம் மாறிவிடும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். கிளீட்டின் அடியில் உள்ள பற்கள் ஷூவின் அடியில் பதிகிற அளவுக்கு இறுக வேண்டும். முடிந்ததும் பெயின்ட் மார்க்கரால் கிளீட்டைச் சுற்றிக் கோடு வரைந்துவிடுங்கள். பிறகு நகர்ந்தாலும் தெரியும், தேய்ந்து மாற்றும்போதும் அதே இடத்தில் புதியதை வைக்கலாம்.

இப்போது ஷூவைக் கையில் பிடித்துப் பெடலில் பூட்டிப் பாருங்கள், காலில் போட்டுக்கொண்டு வேண்டாம். டக் என்று சத்தம் வர வேண்டும், குதிகால் பக்கத்தைத் திருப்பினால் விட வேண்டும். சில ஷூக்களில் பள்ளத்தின் இரு பக்கமும் உள்ள ரப்பர் கட்டைகள் பெடலின் உடம்பில் இடித்துப் பூட்டவே விடாது. பெடல் கெட்டி என்று ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டே போவார்கள், அதில் பலனில்லை. இடிக்கிற ரப்பரைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள், அல்லது கிளீட்டுக்கு அடியில் 1 மி.மீ. ஸ்பேசர் தகடு வையுங்கள்.

8. கிளீட்டின் நிறம், ஸ்பிரிங்கின் இறுக்கம்

பூட்டிய நிலையிலும் பாதம் இடம் வலமாகக் கொஞ்சம் அசைய வேண்டும். எஸ்பிடி-எஸ்எல்லில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி அசைய விடும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே விடாது. கியோவில் கணக்கு வேறு: சிவப்பு 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு அசையாது. நிறுவனம் மாறும்போது நிறத்தின் பொருளும் மாறுவதைக் கவனியுங்கள். ஷிமானோவில் பழகியவர் “சிவப்புன்னா அசையாது” என்ற நினைப்பில் கியோவுக்குப் போனால் நேர் எதிரானது கையில் கிடைக்கும். அசையாத கிளீட் பாதக் கோணத்தை அளந்து சரிசெய்தவர்களுக்கு மட்டுமே. புதியவர்கள் அதிகம் அசைகிறதையே எடுங்கள்.

எஸ்பிடியில் இரண்டு வகைக் கிளீட் உண்டு. எஸ்எச்51 குதிகாலைத் திருப்பினால் மட்டும் விடும். எம் என்று பொறித்த எஸ்எச்56 பல திசையிலும் விடும், பதறிப்போய்க் காலை மேல்நோக்கி இழுத்தாலும் கழன்றுவிடும். முதல் இரண்டு மாதத்துக்கு நான் எல்லோருக்கும் எஸ்எச்56 தான் சொல்கிறேன். ஏற்றத்தில் எழுந்து நின்று பலமாக இழுத்து மிதிக்கப் பழகிய பிறகு அது எதிர்பாராமல் விட்டுவிடும், அப்போது எஸ்எச்51க்கு மாறுங்கள்.

ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி வைத்தே தொடங்குங்கள். இரண்டு பக்கமும் பூட்டுகிற பெடலில் ஒரு பக்கத்துக்கு ஒரு திருகு, ஆக இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு திருகு. ஒரு முகத்தை மட்டும் தளர்த்திவிட்டு, “சில சமயம் வருது, சில சமயம் வரமாட்டேங்குது” என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான்கையும் ஒரே எண்ணிக்கைச் சொடுக்கில் வையுங்கள்.

9. சீட் உயரத்தை மறுபடி பாருங்கள்

பழைய பெடலின் தடிமனும் பழைய ஷூ அடியின் தடிமனும் வேறு, புதியவற்றின் தடிமன் வேறு. பாதத்தின் அடிக்கும் பெடல் அச்சின் நடுவுக்கும் உள்ள தூரம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்து, கூடியிருந்தால் அவ்வளவு சீட்டை ஏற்றுங்கள், குறைந்திருந்தால் இறக்குங்கள். கிளீட்டைப் பின்னால் தள்ளியிருந்தால் சீட்டை இன்னும் சில மி.மீ. இறக்க வேண்டி வரலாம். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் பக்கவாட்டில் ஆடும்.

10. சாலைக்குப் போகும் முன் பழக்கம்

வாசல் நிலைப்படியில் அல்லது சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்காருங்கள். இடது காலைப் பூட்டுங்கள், கழற்றுங்கள், முப்பது முறை. பிறகு வலது கால், முப்பது முறை. குதிகாலை வெளியே திருப்ப வேண்டும், மேலே இழுக்கக் கூடாது. திருப்பும்போது பெடல் கீழே இருந்தால் எளிது. ரோடு பெடல் என்றால் அதன் மூக்கு மேலே பார்த்துத் தொங்கும். ஷூவின் முன்முனையை முதலில் அதில் கோத்து, பிறகு அழுத்த வேண்டும்.

அடுத்து புல்தரையிலோ ஆள் இல்லாத மைதானத்திலோ ஓட்டி, நின்று, ஓட்டி, நின்று பழகுங்கள். வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் குதிகால், பிறகு பிரேக். பிரேக் பிடித்துச் சைக்கிள் நின்ற பிறகு கழற்ற நினைத்தால் நேரம் இருக்காது. சிக்னலுக்கு ஐம்பது அடி இருக்கும்போதே ஒரு காலை விடுவித்துவிடுங்கள்.

அந்த ஒரு கால் இடது காலாகவே இருக்கட்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது கால் விடுபட்டிருந்தால் உடம்பு சாலையின் ஓரத்துப் பக்கம் சாயும். வலது காலை விட்டுப் பழகியவர் தடுமாறினால் பின்னால் வரும் பஸ்ஸின் பக்கம் சாய்வார். வாகன நெரிசலுக்கு முதல் இரண்டு வாரம் இந்த ஷூவோடு போக வேண்டாம்.

11. பூட்டினது வரவில்லை என்றால்

ஒருமுறை பயணத்தின் நடுவில் டோல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணா, காலைத் திருப்புறேன், ஷூ திரும்புது, பெடல் விடமாட்டேங்குது.” குனிந்து பார்த்தேன். கிளீட்டின் இரண்டு திருகில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. ஒற்றைத் திருகில் கிளீட் கடிகார முள் மாதிரி சுழல்கிறது, குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் கிளீட் பெடலுக்குள் அப்படியே இருக்கிறது.

இந்த நிலையில் பலத்தைக் காட்டாதீர்கள். எதையாவது பிடித்து நில்லுங்கள், ஷூவின் பட்டையைத் தளர்த்திக் காலை மட்டும் வெளியே எடுங்கள். ஷூ பெடலிலேயே தொங்கட்டும். பிறகு ஸ்பிரிங் திருகை முழுக்கத் தளர்த்தி, ஷூவைக் கையால் பக்கவாட்டில் அழுத்தித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

திருகு ஒரே நாளில் விழுவதில்லை. பூட்டும்போது ஷூ லேசாக வழுக்குவது, மிதிக்கும்போது அடியில் ஒரு கிறீச் சத்தம், கழற்றக் குதிகாலை வழக்கத்தை விட அதிகம் திருப்ப வேண்டியிருப்பது என்று முன்கூட்டியே அறிகுறி காட்டும். முதல் பயணம் முடிந்ததும், பிறகு மாதம் ஒருமுறையும் 4 மி.மீ. ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள்.

ஈரக் களிமண்ணில் நடந்துவிட்டு ஏறினால் பூட்டாது. கரிசல் மண் கிளீட்டுக்குள் சிமென்ட் மாதிரி அடைந்துகொள்ளும். குச்சியால் நோண்டி, பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். மூன்று ஓட்டைக் கிளீட்டில் இது இன்னும் மோசம், அதை வைத்திருப்பவர்கள் நடக்கும்போது ரப்பர் கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

12. தேய்மானம்

எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் தரையைத் தொடும் மூலைகளின் நிற ரப்பர் கரைந்து அடிப்பகுதி தெரிந்தால் மாற்றும் நேரம். இரும்பு எஸ்பிடி கிளீட் பல ஆயிரம் கி.மீ. ஓடும். எதிர்பாராமல் விடத் தொடங்கினால், அல்லது பூட்டிய பிறகு கடகடவென்று ஆடினால் மாற்றுங்கள். பித்தளைக் கிளீட் இரும்பை விட விரைவில் தேயும். மாற்றும்போது இரண்டு காலையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு கால் லேசாகவும் மறு கால் கெட்டியாகவும் விடும்.

திருகின் ஆலன் குழிக்குள் மண்ணும் துருவும் அடைந்திருந்தால், ஆலன் கீயை வைக்கும் முன் ஊசியால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பாதி ஆழத்தில் வைத்துத் திருகினால் குழி வட்டமாகிவிடும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். கிளீட் திருகு ஒன்றையும் 4 மி.மீ. ஆலன் கீயையும் ஒரு துண்டு டேப்பில் சுற்றி சீட் பையில் போட்டு வையுங்கள். அன்று டோல் கேட்டில் நின்றவருக்கு என் பையில் இருந்த அந்த ஒரு திருகைத்தான் போட்டுவிட்டேன். மீதி 90 கி.மீ. ஓட்டி முடித்தார்.